மேளராகமாலிகையை முழுவதுமாக நேரில் கேட்க வழியுண்டா?

வெள்ளவத்தைப் பின்வரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முறையாகச் சங்கீதம் கற்றவன் அல்லன். அப்பாவுடன் மண்டபங்களின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டே பழகியவன். 72 மேளகர்த்தா (தாய்) இராகங்களையும் வரிசையாக ஒரே பாட்டில் கோத்து மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) இயற்றிய 72 மேளராகமாலிகையை எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் ஒலிப்பதிவில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். எங்கள் வீட்டில் அது ஒலிநாடாவாக இருந்து தேய்ந்து, பின்பு இறுவட்டாகி, இப்போது என் கைப்பேசியில் இருக்கிறது. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய பின்பும், ஒருவர் மேடையில் அமர்ந்து அதைப் பாட, எதிரே இருந்து நான் கேட்டதில்லை.

கொழும்பில் கச்சேரிகளுக்குக் குறைவில்லை. இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், சரஸ்வதி மண்டபம், தமிழ்ச் சங்கம், கோயில் திருவிழாக்கள், அவற்றுக்கு மேலாக அரங்கேற்றங்கள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது நடக்கிறது. ஆயினும் வர்ணம், விநாயகர் கிருதி, தோடியிலோ காம்போதியிலோ பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம், இரண்டு துக்கடா, மங்களம் என்ற வரிசை மாறுவதில்லை. ஒருமுறை அழைப்பிதழில் இந்த மேளராகமாலிகையின் பெயரை அச்சிட்டிருந்தார்கள். மழையில் நனைந்துகொண்டு போனேன். பாடகர் முதல் ஆறு இராகங்களைப் பாடிவிட்டு, நேரம் போதாது என்று சிரித்தபடி நிறுத்திவிட்டார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுவதும் தணியவில்லை.

இதைப் பாடாமல் விடுவதற்கு நேரம் மட்டும்தான் காரணமா? உங்களுக்கும் இப்படி நேரில் கேட்க ஏங்கும் உருப்படி ஏதேனும் இருந்தால் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை எழுதியது:

ஐயா, உங்கள் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தப் பாடகர் நிறுத்திய இடத்தைக் கவனித்தீர்களா? முதல் ஆறு இராகங்கள் என்றால் கனகாங்கி முதல் தானரூபி வரை, அதாவது ஆறு ஆறாகப் பிரித்த தொகுதிகளில் முதலாவதான முதற் சக்கரம் முழுவதும். அந்த ஆறும் விவாதி மேளங்கள், அதாவது ஒன்றோடொன்று எளிதில் இசையாத நெருங்கிய சுரங்கள் அடுத்தடுத்து வருபவை. ஏழாவதான சேனாவதியும் விவாதிதான். எட்டாவதாகத் தோடி வரும்போதுதான் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் பழகிய வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும். அவர் மிகக் கடினமான பகுதியைக் கடந்து, வாசற்படியில் நின்றுகொண்டு திரும்பியிருக்கிறார். எனக்கு அவர்மீது கோபத்தைவிட இரக்கமே வருகிறது.

72 மேளங்களில் 40 மேளங்கள் விவாதி தோஷம் உள்ளவை. எங்களிடம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் சக்கரங்களின் பெயர்களையும், பெயரின் எழுத்துகளிலிருந்து மேளத்தின் எண்ணை அறியும் கடபயாதி எண்ணிக்கையையும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். ஆனால் வனஸ்பதியில் நான்கு சுரம் பாடச் சொன்னால் விழிப்பார்கள். அது அவர்கள் பிழை அன்று. நாங்களும் அந்த இராகங்களை வினாத்தாளுக்காகவே சொல்லிக்கொடுக்கிறோம். கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழில் கிருதிகள் இயற்றியிருக்கிறார். எஸ். ராஜம் அவற்றை எடுத்துப் பாடிப் பரப்பாமல் இருந்திருந்தால், அவற்றிற் பெரும்பகுதி ஏட்டோடு நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மேளராகமாலிகையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வோர் இராகத்திலும் சாகித்தியம் (பாடல் வரி) ஓரிரு ஆவர்த்தனமே (தாளச் சுற்றே) நிற்கிறது. இராகத்தின் பெயர் அந்தச் சாகித்தியத்துக்குள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. அதன்பின் வரும், முன்பே அமைத்த சுரக்கோவையான சிட்டைச்சுரம் தன் இராகத்தில் தொடங்கி அடுத்த இராகத்துக்குக் கைபிடித்துக் கொண்டுபோய் விடுகிறது. ஆகவே ஓர் இராகத்தைக் குரலில் நிறுத்திக்கொள்வதற்குள் அதை விட்டுவிட வேண்டும். இப்படி ஏறக்குறைய ஒரு மணி நேரம். வயலின் வாசிப்பவரும் இதை முன்பே பாடம் பண்ணியிருக்க வேண்டும். மேடையில் கேட்டுக்கொண்டே பின்தொடர்வது நடவாத காரியம். இங்கே வாய்ப்பாட்டுக் கலைஞரும் பக்கவாத்தியக் கலைஞர்களும் பெரும்பாலும் கச்சேரி அன்று மாலையில்தான் சந்தித்துச் சுருதி சேர்க்கிறார்கள். எனவே நேரத்தைக் காரணமாகச் சொன்னால் அது பாதி உண்மை. ஒத்திகை இல்லை என்பதே மீதிப் பாதி.

இந்த உருப்படி பிறந்த கதையும் பலருக்குத் தெரிவதில்லை. தஞ்சை அரச குடும்பத்தைச் சேர்ந்த சகாராம் சாகேப்பைப் புகழ்ந்து லாவணி வேங்கடராவ் மராத்தியில் எழுதிய 72 மேளச் சாகித்தியத்துக்கு மகா வைத்தியநாத ஐயர்தாம் இசை அமைத்தார். பின்பு, மனிதரைப் பாடியதற்குக் கழுவாயாகத் திருவையாற்றுப் பிரணதார்த்திஹரர்மீது வடமொழியில் தாமே இதனை இயற்றினார் என்பார்கள். நரஸ்துதியிலிருந்து விடுபட 72 இராகங்கள் தேவைப்பட்டன என்றால், அந்த மராத்திச் சாகித்தியத்துக்கும் நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்!

ஆடிவேல் அடியார் எழுதியது:

கச்சேரி மண்டபத்தை மட்டும் நினைத்தே எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் ஏங்குவது நாதஸ்வரத்தில் ரக்தி மேளம் கேட்பதற்கு. அதற்குச் சாகித்தியம் கிடையாது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மட்டுமே உரிய உருப்படி அது. செம்பனார்கோயில் இராமசாமிப் பிள்ளையின் பரம்பரை அதற்குப் பேர்பெற்றது. சுவாமி வீதியுலா வரும்போது, அவசரமே இல்லாத ஓர் இரவில், ஓர் இராகத்தை எடுத்து விரித்து அதன்பின் ரக்தியை நாதஸ்வரமும் தவிலும் மாறிமாறி வளர்த்துக்கொண்டு போவதற்கென்றே அமைந்தது.

நமக்கு இதைக் கேட்கும் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அளவெட்டியிலும் இணுவிலிலும் தோன்றிய மேளகாரர்களைத் தமிழ்நாட்டார் தேடி அழைத்த காலம் உண்டு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை அங்குள்ள பெரிய நாதஸ்வர வித்துவான்கள் தம் அருகில் வேண்டும் என்று விரும்பினார்கள். ஆனால் இன்று கொழும்பில் சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் ஒரு மல்லாரி (நாதஸ்வர உருப்படி) ஒலிக்கிறது. அதுவும் வாசலைத் தாண்டுவதற்குள் சுருங்கிவிடுகிறது. அதன்பின் ஒரு கீர்த்தனை, இரண்டு பக்திப்பாட்டு, கடைசியில் யாராவது கேட்கும் சினிமாப்பாட்டு. நைவேத்தியத்துக்குரிய தளிகை மல்லாரி வேறு, தேர் மல்லாரி வேறு, தீர்த்த மல்லாரி வேறு என்பதை உபயகாரர்களே மறந்துவிட்டார்கள். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும்போது போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த நெருக்கத்தில் ரக்தி எங்கே வளரும்? மேளகாரர்களைக் குறை சொல்லமாட்டேன். வீதி குறுகினால் இசையும் குறுகும்.

மன்னிக்கவும், கேட்ட கேள்வியை விட்டு விலகிவிட்டேனோ என்னவோ. ஆனால் மேளராகமாலிகைக்கு ஒலிப்பதிவாவது இருக்கிறது. ரக்தியை ஒலிப்பதிவில் கேட்டுத் திருப்தி அடைந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

காகபாதம் எழுதியது:

நான் மிருதங்கம் வாசிப்பவன். என் ஏக்கம் அதே மகா வைத்தியநாத ஐயரின் இன்னோர் உருப்படி: சிம்மநந்தன தாளத்தில் அமைந்த கானடா இராகத் தில்லானா. 108 தாளங்களில் மிக நீண்டது சிம்மநந்தனம். ஓர் ஆவர்த்தனத்துக்கு 128 அட்சரம் (தாள எண்ணிக்கை). ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம் போட்டு முடிக்கும் நேரத்தில் இது ஒருமுறைதான் சுற்றி வரும். குரு, லகு, புலுதம், துருதம் என்ற தாள உறுப்புகள் எல்லாம் கலந்து வந்து, கடைசியில் 16 அட்சரம் கொண்ட காகபாதத்தில் முடிகிறது. அந்தப் பகுதியில் தட்டு இல்லை. கையை ஓசையின்றி வீசிக் காட்ட வேண்டும். என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதை நேரில் கேட்க விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஒலிப்பதிவில் கேட்டால் அது வேகமான, அழகான ஒரு கானடா, அவ்வளவுதான். பாடகரின் கையைப் பார்த்தால்தான், ஓசையற்ற அந்த 16 அட்சரத்தில் சபை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்வது தெரியும். முத்துசுவாமி தீட்சிதரின் வார கிருதிகள் ஏழுக்கும் இதையே சொல்வேன். சூளாதி சப்த தாளங்கள் எனப்படும் ஏழு அடிப்படைத் தாளங்களை வரிசையாக ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்றாக வைத்திருக்கிறார்: சூரியனுக்குத் துருவம், சந்திரனுக்கு மட்டியம், இப்படியே போய்ச் சனிக்கு ஏகம். ஞாயிற்றுக்கிழமைக் கிருதி பலருக்கும் பாடம். வெள்ளிக்கிழமைக்குரிய பரஸ் இராகக் கிருதியை அட தாளத்தில் வாசிக்க எனக்கு இதுவரை ஒரே ஒரு வாய்ப்புத்தான் கிடைத்தது, அதுவும் ஓர் ஆசிரியரின் வீட்டு முற்றத்தில்.

ஆடிவேல் ஐயா இணுவிலைக் குறிப்பிட்டதால் ஒன்று. இணுவில் வீரமணி ஐயர் 72 மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார். அவருடைய கற்பகவல்லி இராகமாலிகை தெரியாத வீடு நம்மிடையே இல்லை. ஆனால் அந்த 72-இல் எத்தனையை நாம் மேடையில் கேட்டிருக்கிறோம்? திருவையாற்றுக்காக ஏங்குவதற்கு முன் இணுவிலுக்காகவும் சற்று ஏங்கலாம்.

வெள்ளவத்தைப் பின்வரிசை எழுதியது:

கடைசியாகச் சொன்னது என்னைக் குத்திவிட்டது, தம்பி. அந்தக் கீர்த்தனைகளை நானும் தேடிப் போனதில்லை. ஆசிரியை அம்மாவின் விளக்கத்துக்குப் பிறகு, ஆறு இராகத்தில் நிறுத்தியவரை மன்னிக்கவும் முயல்கிறேன். ஆனாலும் அம்மா, ஒத்திகைதான் குறை என்றால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டுமே. உங்கள் மாணவர்களைக் கொண்டே, மண்டபம் வேண்டாம், ஒரு வீட்டில் பாடச் செய்ய முடியாதா?

கொட்டாஞ்சேனை ஆசிரியை எழுதியது:

அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஐயா. பெரிய மாணவியர் நால்வர் இருக்கிறார்கள். சுத்த மத்திமம் வரும் முற்பகுதியின் 36 இராகங்களை ஒரு மாலையிலும், பிரதி மத்திமம் வரும் பிற்பகுதியின் 36 இராகங்களை இன்னொரு மாலையிலுமாகப் பிரித்துக்கொண்டால் எங்களால் இயலும். ஆறு மாதப் பயிற்சி வேண்டும்.

வெள்ளவத்தைப் பின்வரிசை எழுதியது:

நன்றி சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் மிகப் பணிவாக ஒன்றைக் கேட்கிறேன்: அந்த இடத்தில் மட்டும் வெட்ட வேண்டாம். நான் 72-இலும் காத்திருந்து கேட்பதே 36-ஆவது சலநாட்டையிலிருந்து 37-ஆவது சாலகத்துக்கு இறங்கும் அந்த ஒரு கணத்தைத்தான். மற்ற இடங்களில் ஒன்றோ இரண்டோ, மிஞ்சினால் நான்கு சுரங்களோ மாறுகின்றன. அங்கே மட்டும் சட்ஜமும் பஞ்சமமும் நிற்க, ரிஷபம், காந்தாரம், மத்திமம், தைவதம், நிஷாதம் ஐந்தும் ஒரே மூச்சில் இடம் மாறுகின்றன. ஒலிநாடாவின் பக்கத்தை மாற்றி மாற்றிக் கேட்ட காலத்திலேயே அந்த இடம் அறுந்துவிடுமோ என்று பயந்திருந்தவன் நான்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை எழுதியது:

அந்த இடம் பாடுபவர்களுக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்தே கேட்கிறீர்கள்! சரி, அங்கே வெட்டவில்லை. முதல் மாலையில் 42 வரை பாடுகிறோம். சாலகத்தின் சக்கரமும் அதற்குள் முடிந்துவிடும். இரண்டாம் மாலை 30 இராகங்கள், கல்யாணி அதில் வருவதால் பிள்ளைகளுக்கும் தைரியமாக இருக்கும். காகபாதம் தம்பி, ஆறு மாதமும் வாரம் ஒருநாள் கொட்டாஞ்சேனைக்கு வர உங்களுக்கு இயலுமா? வயலினுக்கு ஆள் தேட வேண்டும்.

காகபாதம் எழுதியது:

புதன்கிழமைகளில் வருகிறேன், ரீச்சர். ஆதி தாளந்தானே, 128 இல்லையே.