ரிக்வுட் மைதானத்துப் பழைய கான்கிரீட்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1910-இல் திறந்த ரிக்வுட் ஃபீல்ட், அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய தொழில்முறை பேஸ்பால் மைதானம். பேஸ்பால் ஜாம்பவான் வில்லி மேஸ், ஊரின் கறுப்பின வீரர்கள் அணியான பிளாக் பேரன்ஸுக்கு ஆடிய மண். 1992 முதல் உள்ளூர்த் தன்னார்வலர்களும் அதைக் காக்க உழைக்கிறார்கள்.

இந்த வயதுக் கேலரிகளுக்கு எமன், உள்ளே துருப்பிடிக்கும் கம்பிதான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் வெடித்துப் பெயரும். மேலாகச் சிமெண்ட் பூசினால் நிற்காது. சுத்தியலால் தட்டிப் பொள்ளல் சத்தம் வரும் இடத்தை உடைத்து, கம்பிக்குப் பின்னால் 2 செ.மீ. தோண்டித் துருவைச் சுரண்ட வேண்டும். காரத்தன்மை காட்டும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்து இளஞ்சிவப்பு வராத பகுதி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையை இழந்தது.

எனக்குத் தேவைப்படுவது, உடைத்த இடத்தை நிரப்பும் கலவையின் விகிதம். பழசைவிட மிக வலுவான கலவை ஓரத்தில் பிரிகிறது. நூறாண்டுக் கட்டடத்தில் வலிமையும் நிறமும் பொருந்தச் செய்தவர்கள், மணலின் அளவு, நீர்–சிமெண்ட் விகிதம், எத்தனை நாள் நீராற்றினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.