மறு: ஃபார்மேஷனுக்கு ‘வியூகம்’ சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாலு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் வருகிறேன். அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலில் ஃபார்மேஷனுக்கு நேரே ‘வியூகம்’ என்று எழுதி மூடிவிடுவீர்கள் போலத் தெரிந்ததால் இன்று காலை உட்கார்ந்துவிட்டேன்.

> சக்கர வியூகம் தெரியாத தமிழர் உண்டா? தெரிந்த சொல் இருக்க, புதுச்சொல் எதற்கு?

ஐயா, தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். ‘தேர்தல் வியூகம்’, ‘விற்பனை வியூகம்’ என்று தினமும் படிக்கிறோம். அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வியூகம் என்றால் இன்று திட்டம். அபிமன்யு மாட்டிக்கொண்டது ஆட்கள் நின்ற விதத்தில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொருள் பாரதக் கதை சொல்லும் இடத்தில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

ஃபார்மேஷன் திட்டம் அல்ல. பந்தை எடுப்பதற்கு முந்தைய கணத்தில் 11 பேர் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பது, அவ்வளவுதான். ஒரே திட்டத்தை நாலு விதமாக நின்று ஆடலாம். ஒரே மாதிரி நின்று பத்துத் திட்டம் ஆடலாம். எதிரணி ஏமாறுவதே இதனால்தான். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ‘அதே வியூகத்தில் நின்று வேறு வியூகம் ஆடினார்கள்’ என்று எழுத வேண்டிவரும்.

என் பரிந்துரை: நிற்பு. இருப்பு, நடப்பு, கிடப்பு என்ற வரிசையில் இதுவும் ஒன்று. தனியாக நின்றால் புரியாது என்று தோன்றும் இடத்தில் அணிநிற்பு என்று எழுதிக்கொள்ளலாம். விதியும் நமக்குத் துணை. ஆட்கள் இடம் மாறினால், பந்தை எடுக்குமுன் 11 பேரும் ஒரு முழு நொடி அசையாமல் இருந்தாக வேண்டும். தவறினால் 5 கஜம் அபராதம்.

> ரன்னிங் கேம் = ஓட்ட ஆட்டம்

இது வேண்டவே வேண்டாம். ‘அந்த அணி 180 ஓட்டம்’ என்று படித்தவுடன் நம் ஆட்கள் எத்தனை விக்கெட் என்று கேட்பார்கள். அமெரிக்கர்களே இதைத் தரை, வான் என்றுதான் பிரித்துப் பேசுகிறார்கள். நமக்கும் செய்தித்தாளில் தரைவழி, வான்வழி என்று ஒரு ஜோடி தயாராக இருக்கிறது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினால் தரைவழி ஆட்டம், எறிந்தால் வான்வழி ஆட்டம்.

இனி முக்கியமான இடம். நிற்பு மாறினால் தரைவழி ஆட்டம் ஏன் மாறுகிறது? இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பாப்கார்ன் விற்றுத் தெரிந்துகொண்டேன்.

நான் இருப்பது டெக்சாசில். மகன் பள்ளி பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறான், அதனால் வெள்ளிக்கிழமை இரவு என்றால் மைதானம்தான். இரண்டு வருடம் பக்கவாட்டு மேடையில் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டும், எல்லாரும் ஒரே குவியலாக விழுவார்கள், விசில் ஊதும். ஒருநாள் பெற்றோர் முறைவைத்துக் கடை பார்க்கும் வேலை எனக்கு வந்தது. கடை, மைதானத்தின் கடைக்கோடியில். அங்கிருந்து ஆட்டத்தை, பந்தோடு ஓடுபவனின் முதுகுப் பக்கமாகப் பார்க்கலாம். அன்றைக்குத்தான் சந்து தெரிந்தது.

ஆமாம், சந்து. பட்டியலில் ‘இடைவெளி’ என்று போட்டிருக்கிறீர்கள், தப்பில்லை. ஆனால் ‘கிடைத்த சந்தில் புகுந்துவிட்டான்’ என்று நாம் சொல்வது அப்படியே இந்த ஆட்டம்தான். நடுவில் பந்தை எடுத்துக் கொடுப்பவர், அவருக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், ஆக ஐந்து மறிப்பாளர். இவர்களுக்கு நடுவே நாலு சந்து, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு. ஓரத்தில் டைட் எண்டை, அதாவது மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்கிற ஆளை, கொண்டுவந்து நிறுத்தினால் ஏழு. எதிரணி ஒவ்வொரு சந்துக்கும் ஓர் ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். பின்னால் ஃபுல்பேக், அதாவது ஓடுபவனுக்கு முன்னே போய் மறிப்பவர், ஒருவர் இருந்தால் தலைவலி இன்னும் கூடும். அவர் எந்தப் பக்கம் ஓடிப்போய் மறிக்கிறாரோ அங்கே புதிதாக ஒரு சந்து பிறக்கும், முன்கூட்டியே யாரும் அதை எண்ண முடியாது.

எதிரணி சந்துகளை அடைக்க ஆட்களைக் குவிக்கும் இடத்துக்கு யாரோ ‘பெட்டி’ என்று எழுதியிருந்தீர்கள். ‘பெட்டிக்குள் எட்டுப் பேர்’ என்றால் காவல் நிலையத்துக்குத்தான் போன் போடத் தோன்றும். கட்டம் என்று வைப்போம். பாண்டி ஆடுகிறவர்களுக்கும் தெரியும், ஜாதகம் பார்க்கிறவர்களுக்கும் தெரியும். கட்டத்தில் எட்டுப் பேர் இருந்து நம்மிடம் மறிக்க ஆறு பேர்தான் என்றால் அன்றைக்கு கிரகம் சரியில்லை, எறிந்துவிட வேண்டியதுதான். கட்டத்தைக் காலி பண்ண ஒரு வழி விரிந்து நிற்பது. மைதானம் 160 அடி அகலம். பந்து பிடிப்பவர்களை இரண்டு ஓரத்துக்கும் அனுப்பினால், அவர்களைக் காக்க எதிரணியும் கட்டத்திலிருந்து ஆள் எடுத்தாக வேண்டும். எட்டு ஆறாகும். எறியப்போகிறார்கள் என்று தோன்றும் நிற்பு, ஓடுவதற்கு இப்படித்தான் வழி விடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. நடுவில் இருப்பவரிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், ஓடுபவனிடம் அதைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றால் எதிரணிக்கு எப்போதும் ஓர் ஆள் கூடுதல். அவரே ஓடக்கூடியவர் என்றால் கதை வேறு. ஓரத்தில் நிற்கும் எதிராளி ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் ஓடுபவனைத் துரத்தினால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார். துரத்தாமல் நின்றால் கொடுத்துவிடுவார். ஒரு கையும் படாமல் ஒருவர் ஆட்டத்தை விட்டே விலக்கப்படுகிறார். பால்டிமோர் ரேவன்ஸ் அணி 2019-இல் தரைவழியில் 3,296 கஜம் போய், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் சாதனை படைத்தது, அதில் 1,206 கஜம் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் ஓடியது.

அப்புறம் நிற்புகளின் பெயர்கள்.

> ஐ ஃபார்மேஷன் = ஐ-வியூகம்

ஆங்கில எழுத்து நேர்கோடு, அதனால் அவர்களுக்குப் பெயரே படம். நம் ‘ஐ’ சுருண்டு வளைந்து கிடக்கிறது. இதைப் பார்த்து எந்தப் பையனும் வரிசையாக நிற்க மாட்டான். நேர்நிற்பு என்போம்: குவார்ட்டர்பேக், அவர் பின்னால் ஃபுல்பேக், அவர் பின்னால் ஓடுபவர், ரேஷன் கடை வரிசை மாதிரி. ஓடுபவர், பந்து வைத்திருக்கும் கோட்டிலிருந்து சுமார் 7 கஜம் தள்ளி நிற்பதால் பந்து கைக்கு வரும்போதே வேகம் பிடித்திருப்பார், சந்து எங்கே திறக்கிறது என்று பார்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

விஷ்போன் என்ற நிற்புக்கு ‘விருப்ப எலும்பு’ என்று ஒருவர் தந்திருக்கிறார். கோழியின் அந்த எலும்பை இரண்டு பேர் பிடித்து இழுத்து வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம், நாம் அதைக் கடித்துத் துப்புகிறவர்கள். 1968-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் இதைக் கொண்டுவந்தார். அந்த அணி அப்புறம் தொடர்ந்து 30 ஆட்டம் வென்றது. குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால் ஒருவர், அவருக்கும் பின்னால் இரு பக்கமும் இருவர். மேலேயிருந்து பார்த்தால் அச்சு அசல் கவட்டை, நாம் மாங்காய் அடித்ததுதான். கவட்டை நிற்பு. (சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, தெரியும். சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.)

ஷாட்கன், பிஸ்டல் என்ற நிற்புகள் இரண்டையும் துப்பாக்கியாக மொழிபெயர்த்துப் பயனில்லை. ஷாட்கனில் குவார்ட்டர்பேக் சுமார் 5 கஜம் பின்னால், ஓடுபவர் அவருக்குப் பக்கத்தில். பந்தை வாங்கும்போது அவருக்கு வேகம் இருக்காது. எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே பல நேரம் போகும் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். நெவாடா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் கிரிஸ் ஆல்ட் 2005-இல் ஓடுபவரைக் குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால் மறைத்து நிறுத்தினார். திசையும் தெரியாது, நேராக ஓடிவரும் வேகமும் கிடைத்தது. அதுதான் பிஸ்டல். ஷாட்கன் பக்கநிற்பு, பிஸ்டல் மறைநிற்பு. ‘மறை’ மட்டும் எனக்கே முழுத் திருப்தி இல்லை.

— டெக்சாசிலிருந்து

*

தம்பி,

சந்துக்கும் கவட்டைக்கும் என் வாக்கு. தரைவழிக்கும்தான். எங்கட பக்கம் கிரிக்கெட் என்றால் ஓட்டம், அதில் மாற்றமே இல்லை. ‘ஓட்ட ஆட்டம்’ என்று போட்டிருந்தால் முதல் ஆளாய் நான் சண்டைக்கு வந்திருப்பேன்.

ஆனால் நிற்பில் ஓர் இடறல். இங்கே கனேடியக் கால்பந்தில் 12 பேர். பின்வரிசையில் நிற்பவர்கள் பந்தை எடுக்குமுன்பே கோட்டை நோக்கி ஓடிவரலாம், விதி விடுகிறது. ஓடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து நிற்பு என்று எழுதினால் என்ன ஞாயம்? ‘அணியமைப்பு’ என்று பொதுவாய் வைத்தால் இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்.

— ரொறன்ரோவிலிருந்து

*

அக்கா,

இதை நான் யோசிக்கவே இல்லை. அமெரிக்காவிலும் ஒருவர் மட்டும் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகர அனுமதி உண்டு. அதை நகர்வு என்று தனியாகச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பல பேர் ஓடிவரும்போது அந்தச் சமாளிப்பு எடுபடாது.

ஆனாலும் அணியமைப்பு எனக்கு இடிக்கிறது. யார் அணியில் இருக்கிறார், யார் காயத்தால் இல்லை என்பதற்கும் அதே சொல்தான் வரும். தேர்வுக்குழுச் செய்தி மாதிரி ஆகிவிடும். அமெரிக்க ஆட்டத்துக்கு நிற்பு என்றே பதிந்துவிட்டு, கனேடிய ஆட்டத்துக்குத் தனிப் பத்தி போடலாமா? அங்கே கோட்டில் இருக்கும் மறிப்பாளர்கள் அசையாமல் இருப்பார்கள் இல்லையா, அவர்களுக்கு நிற்பு, பின்னால் ஓடிவருகிறவர்களுக்கு வேறு சொல். அந்தச் சொல் உங்களிடமிருந்து வரட்டும். மறைநிற்புக்கு மாற்று யாருக்காவது தோன்றினால் அதையும் இதே இழையில் போடுங்கள். ஞாயிறு இரவு பட்டியலைத் திருத்துகிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி பாப்கார்ன் முறை.