பழைய லேஸ் பற்றனை ஸ்காஃப் கரையாக மாற்றுவது

கேள்வி (கல்முனை)
பழைய இங்கிலாந்துப் பற்றன் (பின்னல் குறிப்பு) ஒன்று, கம்பளிச் சால்வைக் கரைக்கு எழுதினது. அதைப் பருத்தியில் பின்னி 180 சென்ரிமீற்றர் தலை ஸ்காஃபுக்குத் தைக்க வேணும். ‘10ஆம் நம்பர் ஊசி’ என்றதால 6 மில்லிமீற்றர் எடுத்தன், தொளதொளவென்று வருது. ‘எம்1’ (ஒரு கண்ணி, அதாவது ஊசியில ஒரு வளையம், கூட்டுறது) என்ற இடங்களில் கண்ணி எண்ணிக்கை சரி, ஆனா ஓட்டை விழல்ல. கரையும் சுருளுது. எங்க பிழை?

மறுமொழி (மட்டக்களப்பு)
6 மில்லிமீற்றர் அமெரிக்க 10. பழைய இங்கிலாந்து 10 என்றால் 3.25. அங்க நம்பர் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4, 14 என்றால் 2 மில்லிமீற்றர்.

இப்ப ‘எம்1’ என்றால் ரெண்டு கண்ணிக்கு இடையில ஓடுற நூலைத் தூக்கி முறுக்கிப் பின்னுவம், ஓட்டை அடைபடும். பழைய லேஸ் பற்றனில் அது பெரும்பாலும் ஊசிக்கு மேலால நூலைச் சுற்றுறது. ரெண்டிலயும் ஒரு கண்ணிதான் கூடும், அதனாலதான் எண்ணிப் பார்த்தும் பிழை பிடிபடல்ல. அடுத்த கண்ணி பேர்ல் (நூலை முன்னுக்கு வைச்சுப் பின்னுறது) என்றால் நூல் ஊசியை முழுசாச் சுற்றித் திரும்ப முன்னுக்கு வரவேணும்.

மறுமொழி (மருதமுனை)
நூலையும் பாருங்க. 2/40 தறி நூல் (40ஆம் நம்பர் நூல் ரெண்டை முறுக்கினது) 100 கிராமில் ஏறக்குறைய 3,380 மீற்றர் வரும். தனி இழை இந்த ஊசிக்குக் காணாது. ஆறு இழை சேர்த்தா 560 மீற்றர், அளவான தடிப்பு. பாவு நூலில் (தறியில நீளவாட்டில ஓடுறது) கஞ்சி இருக்கும், கழியாவே (சுற்றின நூல் கட்டாவே) அலசிக் காயவிட்டுப் பின்னுங்க. ரெண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னும்போது 12 இழையும் ஊசியில ஏறினதா என்று பாருங்க. ஒன்று தவறினாலும் பின்பக்கம் வளையமாத் தொங்கும், கழுவினாப் பிறகு காதுத்தோட்டில மாட்டும்.

சுருளுறதுக்குக் காரணம், திரும்பும் வரிசை முழுக்கப் பேர்ல் வாறது. தைக்கிற பக்கத்து மூன்று கண்ணியை எல்லா வரிசையிலயும் நிட்டா (நூலைப் பின்னுக்கு வைச்சு) போடுங்க.

நீளத்துக்கு, கரையின் அலை வடிவத்தில நாலு அலை பின்னிக் கழுவி, ஒவ்வொரு முனையையும் குண்டூசியால இழுத்துக் குத்திக் காயவையுங்க. ஈரத்தில அளக்க வேணாம். 22 சென்ரிமீற்றர் வந்தா ஒரு அலை 5.5, 180க்கு 33 அலை. மிஞ்சுற ஒன்றரை சென்ரிமீற்றரைத் தைக்கும்போது நீளத்துக்கும் பரவலா அடக்கலாம். துணியையும் முதலே கழுவிடுங்க, பிறகு சுருங்கினாக் கரை அலையலையா நிக்கும்.

கேள்வி (கல்முனை)
மிசினால தைக்கலாமா? கஞ்சி போட்டா விறைப்பா நிக்குமா?

மறுமொழி (மட்டக்களப்பு)
மிசின் வேணாம். லேஸ் இழுபடும், மிசின் தையல் இழுபடாது, அறும். ரெண்டு நுனி, நடு, பிறகு கால்வாசி இடங்களில் குண்டூசி குத்தி, கையால தளர்வாத் தையுங்க. கஞ்சி மேசை விரிப்புக்குச் சரி. முகத்தோட கிடக்கிற துணிக்கு உறுத்தும். ஒவ்வொரு தரமும் கழுவி, ஈரத்தோட குப்புறப் போட்டு அயன் பண்ணினா ஓட்டைகள் விரிஞ்சு நிக்கும்.