ஹேட்டரஸ் தீவை உரசிப் போகும் ஹரிகேன்: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

ராலே_மைதிலி:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வட கரோலினாக் கரையோரத் தீவு வரிசையான அவுட்டர் பேங்க்ஸில், ஹேட்டரஸ் தீவின் ஏவன் ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். பஹாமாஸ் பக்கமிருக்கும் ஹரிகேன் புதன் இரவு ஹேட்டரஸ் முனைக்குக் கிழக்கே 150 மைல் தள்ளிக் கடக்கும் என்கிறார்கள். முன்னறிவிப்புப் படத்தில் புயல் போகும் பாதையைக் காட்டும் கூம்பு கரையைத் தொடவே இல்லை. எங்கள் வீடும் கடல் பக்கம் இல்லை, பின்னாலே பாம்லிகோ சவுண்ட் (தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்பு) பக்கம். கவுன்ட்டி (மாவட்ட) நிர்வாகம் இன்னும் வெளியேறச் சொல்லவில்லை. இருக்கலாமா, கிளம்பலாமா? நிலவரத்தை நானே பின்தொடர வேண்டுமென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

தாரகை:
வாடகைப் பணத்துக்காகத் தயங்காதீங்க மைதிலி. வட கரோலினா சட்டப்படி, கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தால் தங்க முடியாத நாட்களின் வாடகை திரும்பக் கிடைக்க வேண்டும். ஒன்றே ஒன்று, இப்படி வெளியேற வேண்டி வந்தால் ஈடு கொடுக்கும் இன்சூரன்ஸை அவர்கள் முன்பே கொடுத்து நீங்கள் வேண்டாம் என்றிருந்தால் கிடைக்காது. ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்க.

மேன்டியோ_கண்ணன்:
மைதிலி, நான் ரோனோக் தீவில் பல வருஷமா இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதலில் அந்தக் கூம்பு. புயலின் மையம் எங்கே போகும் என்பதை மட்டும்தான் அது காட்டும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு தடவைதான் மையம் அதற்குள்ளே நிற்கும். காற்று எவ்வளவு தூரம் பரவும், அலை எங்கே அடிக்கும், தண்ணீர் எங்கே ஏறும் என்பதெல்லாம் அதில் இல்லை. 2025 ஆகஸ்டில் எரின் என்ற ஹரிகேன் எங்களுக்குக் கிழக்கே சுமார் 200 மைல் தள்ளித்தான் போனது. மையம் கரைக்கு வரவே இல்லை. ஆனால் ஹேட்டரஸ், ஓக்ரகோக் இரண்டு தீவையும் காலி செய்ய வைத்தார்கள். அலை மணல்மேட்டைத் தாண்டி வந்து என்சி 12 சாலையை மூடியது. உங்களுக்கு வெளியே போக அந்த ஒரு சாலைதான்.

அதனால் தேசிய ஹரிகேன் மையத்தின் படத்தை விட்டுவிட்டு எழுத்தில் வரும் முன்னறிவிப்பைப் படியுங்கள். கிழக்கு நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். கரைக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் நடுவில் 2 மணிக்கும் 8 மணிக்கும் கூட ஒன்று வரும். 34 நாட் (மணிக்கு 34 கடல் மைல்) வேகக் காற்று வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு ஒவ்வொன்றிலும் எத்தனை கடல் மைல் பரவியிருக்கிறது என்று அதில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது மேற்குப் பக்கத்து எண்கள். கடல் மைலையும் சாதாரண மைலையும் குழப்பிக்காதீங்க, கடல் மைல் கொஞ்சம் பெரிசு. கூடவே பலத்த காற்று எவ்வளவு சீக்கிரம் வந்துவிடக்கூடும் என்று ஒரு வரைபடம் போடுவார்கள். அந்த நேரத்துக்குள் நீங்கள் தீவை விட்டிருக்க வேண்டும்.

அடுத்தது அலை. ஹேட்டரஸ் முனைக்கு அப்பால் கடலில் அலையை அளக்கும் டயமண்ட் ஷோல்ஸ் மிதவையைப் பாருங்கள், எண் 41025. அதில் உயரத்தை மட்டும் பார்க்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு அலைக்கு நடுவில் எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். அது 14, 15-ஐத் தாண்டினால் தூரத்துப் புயல் அனுப்பிய நீண்ட அலை வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, கடல் அழகா இருக்கும். அன்றைக்குத்தான் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகளை இன்றிலிருந்தே தண்ணீரில் இறக்காதீர்கள்.

ராலே_மைதிலி:
ரொம்ப நன்றி அண்ணா. மிதவையில் இப்போதே 13 விநாடி காட்டுகிறது. ஆனால் சவுண்ட் பக்கம் அலை வராதே? புயலின் இடது பக்கம் பலவீனம் என்றும் படித்தேன்.

மேன்டியோ_கண்ணன்:
நீங்க கேட்டதுதான் இந்தத் தீவுகளில் உயிரை வாங்குகிற விஷயம்.

இடது பக்கம் காற்று குறைவு என்பது உண்மை. புயல் வடக்கே நகரும் வேகம் அந்தப் பக்கம் கழிந்துவிடும். ஆனால் அந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். புயல் தெற்கே இருக்கும்வரை உங்களுக்கு வடகிழக்குக் காற்று. பாம்லிகோ சவுண்ட் நீளமாக 80 மைல், ஆழம் பல இடங்களில் 20 அடிகூடக் கிடையாது. தாம்பாளத்தில் இருக்கும் தண்ணீர் மாதிரி, சாய்த்த பக்கம் ஓடும். வடகிழக்குக் காற்று அதை தென்மேற்கே பெருநிலத்தில் உள்ள நியூஸ் (Neuse) ஆற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். உங்கள் வீட்டுப் பின்னால் தண்ணீர் வற்றினாற்போல் தெரியும். மையம் உங்களைத் தாண்டினதும் காற்று வடக்கு, வடமேற்கு என்று திரும்பும். தள்ளிப்போன தண்ணீர் முழுக்கத் திரும்பி வந்து தீவின் முதுகில் ஏறும். மழை நின்றிருக்கும், முடிந்துவிட்டது என்று எல்லாரும் மூச்சு விடுகிற நேரம் அது.

1993-ல் எமிலி புயல் இப்படித்தான். மையம் கரையேறவில்லை, பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. பக்ஸ்டனில் சவுண்ட் பக்கம் தண்ணீர் சுமார் 10 அடி ஏறியது. பக்ஸ்டன் உங்களுக்குத் தெற்கே அடுத்த ஊர். 2011-ல் ஐரீன் புயல் தீவின் வட பகுதியான பீ ஐலண்டில் சாலையையே வெட்டிப் புதுக் கால்வாய் உண்டாக்கியது, அந்தத் தண்ணீரும் சவுண்டிலிருந்து வந்ததுதான். 2019 செப்டம்பர் 6, டோரியன் புயல் அன்று ஓக்ரகோக்கில் வீடு வீடாகப் புகுந்ததும் அதே பக்கத் தண்ணீர்.

150 மைல் தூரத்திலேயே கடந்தால் உங்களுக்குப் பெரிய தொல்லை கடல் பக்கத்து அலையும் சாலையும்தான். பாதை ஐம்பது அறுபது மைல் மேற்கே நகர்ந்தால் கதை மாறும். அதனால் ஒவ்வொரு அறிவிப்பிலும் மையத்தின் தீர்க்கரேகையைக் குறித்து வையுங்கள். ஹேட்டரஸ் முனை மேற்கு 75.5. சவுண்ட் பக்கத்து நீர்மட்டத்துக்கு ஹேட்டரஸ் கடலோரக் காவல் நிலையத்து அளவுகோலைப் பாருங்கள். கணித்த கோட்டைவிட நிஜக் கோடு கீழே போய், பிறகு திரும்பினால் தண்ணீர் கிளம்பிவிட்டது. ஆனால் அதைப் பார்க்கிறபோது நீங்கள் ராலேயில் இருக்க வேண்டும், ஏவனில் இல்லை.

ராலே_மைதிலி:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நாளைக் காலை கிளம்புகிறோம். உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

மேன்டியோ_கண்ணன்:
நிம்மதியா இருக்கு. கடல் ஏற்றம் (ஹை டைட்) உச்சத்துக்கு வரும் நேரத்தைப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்க. உங்களுக்கு வடக்கே ரோடான்தே ஊரில் 2022-ல் திறந்த பாலம் வந்தபிறகு, அலை ஏறி மூடும் அந்தப் பழைய சாலை வளைவின் தொல்லை இல்லை. ஆனால் பாலம் இறங்கினதும் ஓரிகன் இன்லெட் வரைக்கும் பீ ஐலண்டில் சாலை தாழ்வு, மணல்மேட்டை ஒட்டியே போகும். சாலையில் தண்ணீர் நின்றால் ஓட்டாதீங்க, அது உப்புத் தண்ணீர், அடியில் மணலும் இருக்கும். நாக்ஸ் ஹெட் ஊர் வந்ததும் 64-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போங்க. அப்பாவின் மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்க. தீவை மறுபடி திறக்கும்போது ஊர்க்காரர்களைத்தான் முதலில் விடுவார்கள், சுற்றுலா வந்தவர்கள் கடைசி. மறந்து வைத்ததை எடுக்கத் திரும்ப முடியாது.