ஓட்டு ஊரில், குடித்தனம் மதுரையில்: நான் எங்கே பேசுவது?

ஆனையூர் வாடகை வீடு:
எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் மதுரையில்தான், பல வருஷமாக ஆனையூர்ப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு மழை பெய்தால் போதும், சாக்கடைத் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "சொந்த வீட்டுக்காரங்க பேசட்டும், நீங்க இன்னைக்கு இருப்பீங்க, நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிருவீங்க" என்று உட்கார வைத்துவிட்டார்கள். வார்டு அலுவலகத்தில் முதல் கேள்வியே "உங்க ஓட்டு எந்த வார்டுல?" என்பதுதான். ஓட்டு ஊரில் இருக்கிறது. சரி, இங்கே மாற்றிவிடலாம் என்றால் அப்பா சம்மதிக்கவில்லை. ஓட்டை மாற்றினால் ஊரில் தலைக்கட்டு வரி (திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரார் வாங்குவது) வாங்க மாட்டார்கள், கோயில் பங்கும் போய்விடும் என்கிறார். ஊரில் நான் வெளியூர்க்காரன், இங்கே வாடகைக்காரன். ஓட்டை மாற்றுவதா வேண்டாமா, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வடகரைக்காரர்:
தம்பி, மாற்றிவிடுங்கள். தலைக்கட்டு வரி ஊர்க்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வழக்கம், வாக்காளர் பட்டியலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சென்னை, திருப்பூரில் ஓட்டு வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் மாசித் திருவிழாவுக்கு வந்து வரி கட்டிவிட்டுப் போகிறார்கள்! அப்பாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது. சொந்த வீடா வாடகையா என்று சட்டம் பார்ப்பதில்லை. இடமாற்றத்துக்குப் படிவம் 8, இணையத்திலேயே போடலாம்.

ஆனால் ஒன்று, சாக்கடையைப் பற்றிக் கேட்க ஓட்டு மாறும்வரை காத்திருக்காதீர்கள். ஓட்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்ப அங்கே யாருக்கும் உரிமை இல்லை. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. உங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வார எப்போது ஒப்பந்தம் விட்டார்கள், தொகை எவ்வளவு, வேலை முடிந்ததாகப் பதிவு செய்த எம்-புக் (வேலையை அளந்து எழுதி வைக்கும் அளவுப் புத்தகம்) நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் சுற்றி வளைத்து எழுதுவார்கள், ஆவணத்தைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மேலூர்க்காரி:
அண்ணே, நான் மாற்ற வேண்டாம் என்பேன். காரணம் சொல்கிறேன். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரத்துக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோது எங்கள் பக்கம் யாருக்கும் தூக்கமில்லை. அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், தமிழ்நாட்டிலேயே முதலாவது. சமணர் படுக்கை, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், சுனைகள் எல்லாம் அந்த மலையில்தான் இருக்கின்றன. நவம்பர் 23 கிராம சபையில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டோம். கிராம சபையில் உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கிற எங்கள் பிள்ளைகள் அன்றைக்கு வந்து கையெழுத்துப் போட முடிந்தது பெயர் ஊரில் இருந்ததால்தான். தீர்மானத்தோடு நிற்கவில்லை, 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தோம், அதே மாதம் 23-ம் தேதி ரத்து அறிவிப்பு வந்தது. நகரத்தில் ஒரு தெருவே திரண்டு அப்படி வந்து நிற்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கிழக்குத்தெரு:
மேலூர்க்காரி அக்கா சொன்னது உண்மை, அந்த நடைப்பயணத்தில் நானும் இருந்தேன். ஆனால் "ஊர்" எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதே மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனையும் இன்னும் ஆறு பேரையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். கேள்வி கேட்டவரின் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996-லிருந்து பத்து வருஷம் ஒதுக்கீட்டுத் தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. நிற்க ஆள் இருக்காது, ஜெயித்தாலும் உடனே ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். 2006-ல்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் ஊர்க்கூட்டத்தில் நாங்கள் ஓரமாக நிற்க வேண்டும். மதுரைக்கு வந்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத ஒரு வாக்குச்சாவடி வரிசையில் நின்றபோது அப்பா பட்ட சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்களைச் சங்கக் கூட்டத்தில் உட்கார வைத்ததைப் படித்ததும் கோபம் வந்தது. வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவன்தான் தெருக்காரன் என்று அவர்கள் சொல்வது பழைய ஊர்க்கூட்டம் போலவே இருக்கிறது. உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களைக் கணக்கெடுங்கள், பாதிக்கு மேல் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். 2022-லிருந்து மாநகராட்சி வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை நடத்துகிறார்கள், அடுத்தது எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு கூட்டமாகப் போங்கள்.

ஆனையூர் வாடகை வீடு:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன கிராம சபை விஷயம் மனதை இழுக்கிறது. ஆனால் நான் அங்கே வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் போவதில்லை, என் பிள்ளைகள் மிதிக்கிற சாக்கடை இங்கே இருக்கிறது. மாற்றுவதாக முடிவு செய்துவிட்டேன், அப்பாவிடம் நானே பேசுகிறேன். ஒரே சிக்கல், வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சம்மதிக்க மாட்டார். வேறு எதைக் காட்டலாம்?

வடகரைக்காரர்:
ஆதாரில் இப்போதைய முகவரி இருந்தால் அதுவே போதும். அரசுடைமை வங்கி பாஸ்புக்கில் இந்த முகவரி இருந்தாலும் ஏற்பார்கள். உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெயரும் எண்ணும் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கும், படிவம் போட்டதும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் விசாரிக்க வரும் நேரம் வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் இழுத்துக்கொண்டே போகும். மனைவி பெயருக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.