மறு: வேரழுகலுக்கு முன்னால் நடப்பதற்கு ஒரு சொல்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

வேரழுகல் இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். ‘வேரழுகல்’ நல்ல சொல், அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மண்ணில்லாமல் உரத் தண்ணீரில் வளர்க்கும் செடியின் வேருக்கு எது வந்தாலும் அந்த ஒரே சொல்லைத்தான் போடுகிறோம். அழுகலுக்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. செடியைச் சுலபமாகக் காப்பாற்ற முடிவது அப்போதுதான். அதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்கள் இங்கே நிறைய. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபோது வீட்டைச் சுற்றிக் கீரையும் மிளகாயும் போட்டவர்களுக்கு இப்போது பின்பக்கம் சிமெண்டுத் தரைதான். அதனால் பழக்கடையில் கேட்டு வாங்கிய பொலிஸ்டைரின் பெட்டியில், ஏ, பி என்று இரண்டு போத்தலில் வரும் உரத்தைக் கரைத்து, மூடியில் ஓட்டை போட்டு, சாவிக் கீரையும் சலாட்டும் (லெட்டூஸ்) கங்கோங்கும் (வள்ளைக் கீரை) வளர்க்கிறார்கள். இவர்களுக்காக ஒரு தமிழ்க் குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல் தேவைப்பட்டது அங்கேதான்.

மத்தியானம் சலாட் துவண்டு தொங்கும், பெட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். “வேர் அழுகிருச்சு, என்ன மருந்து ஊத்தலாம்?” என்று கேட்பார்கள். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வேர் கொஞ்சம் மங்கியிருக்கும், புது நுனி எதுவும் விட்டிருக்காது. ஆனால் நாற்றம் இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் தோல் உரியாது. அழுகிய வேர் அப்படி இருக்காது. பழுப்பாகி வழவழக்கும், சாக்கடை வாடை அடிக்கும், இழுத்தால் மேல்தோல் கழன்று கையோடு வந்துவிடும், நடுநரம்பு மட்டும் மிஞ்சும். (உரத்திலுள்ள இரும்பினாலும் வேர் லேசாகப் பழுப்பேறும். வேர் விறைப்பாக இருந்தால் அது வெறும் கறை, பயப்பட வேண்டாம்.)

முதலில் சொன்ன வேருக்கு ஆக்சிஜன் பத்தவில்லை, அவ்வளவுதான். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.6 ஆகிவிடும். வேரின் தேவையோ அந்த 10 டிகிரி ஏற்றத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நம்மூர் வெயிலில் அசையாமல் நிற்கும் தண்ணீரில் இருப்பதை வேர் சீக்கிரம் தீர்த்துவிடும். மேற்பரப்பு வழியே புதிதாகக் கரைவது மெதுவாகத்தான். ஆக்சிஜன் தீர்ந்த வேர்ச்செல், தண்ணீரை உள்ளே விடும் நுண்வாயில்களை மூடிக்கொள்கிறது. அதனால்தான் தண்ணீருக்குள் நின்றபடியே செடி வாடுகிறது. வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இப்படி நொந்துபோன வேரில்தான் பித்தியம் என்ற நோய்க்கிருமி ஏறும். அது பூஞ்சை போலத் தோன்றினாலும் பூஞ்சை இனம் இல்லை. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தி அடுத்த வேருக்குப் போகும். அழுகல் அங்கே ஆரம்பிக்கிறது.

கங்கோங் இதே பெட்டியில் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதன் குழல் தண்டு. இலைப்பக்கத்துக் காற்று அதன் வழியே வேருக்கு இறங்கும். செகிஞ்சான் வயலில் தண்ணீரில் நிற்கும் நெல்லுக்கும் உள்ளே அப்படிக் காற்றுவழி உண்டு. சலாட்டுக்கு அந்த வசதி கிடையாது.

சரி, இந்த முதல் கட்டத்துக்கு ‘வேர்த்திணறல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். போன வாரம் சுருக்கமாக எழுதியபோது வந்த மறுப்புகளுக்கு என் பதில் கீழே.

> ‘வேர் மூச்சடைப்பு’ என்றால் போதாதா? ‘உயிர்வளிக் குறைபாடு’ இன்னும் துல்லியம்.

ஐயா, அடைப்பு என்றதும் எங்கேயோ குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்து, பம்பு வைத்திருப்பவர் டியூபைக் கழற்றிப் பார்ப்பார். குறைபாடு என்றால் சத்துக் குறைபாடு என்று எடுத்துக்கொண்டு உரத்தைக் கூட்டுவார். உரம் கூடினால் வேருக்கு இன்னும் கஷ்டம். உயிர்வளி என்பது கட்டுரையில் இருக்கட்டும். கலைச்சொல்லைக் கேட்டவுடன் கை சரியான பக்கம் போக வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

> திணறுவது மனிதரும் விலங்கும்தானே? செடி திணறுமா?

கூட்டத்தில் ஊரே திணறுகிறது, கடனில் குடும்பம் திணறுகிறது என்கிறோம். செடிக்கு மட்டும் ஏன் தடை? இன்னொன்றும் இருக்கிறது. திணறுகிறவர் உயிரோடு இருக்கிறார், காற்று கிடைத்தால் தேறுவார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அழுகல்’ என்று கேட்டதும் செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். ‘திணறல்’ என்று கேட்டால் தண்ணீர் மட்டத்தை இரண்டு விரற்கடை இறக்குவார்கள், பெட்டியை நிழலுக்கு நகர்த்துவார்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

> சேர்த்து எழுதினால் ‘வேர்த்து’ என்று வாசித்து வியர்வையை நினைத்துவிட மாட்டார்களா?

அக்கா, பள்ளி அறிவியலில் ‘வேர்த்தூவி’ வெகுகாலமாக இருக்கிறது. யாரும் அங்கே வியர்வையை நினைப்பதில்லை. ஆனாலும் குறிப்பேட்டில் முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பிரித்து எழுதிவிடுகிறேன்.

நல்ல வேருக்கு ‘வெண்வேர்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் ரப்பர் தோட்டத்துக்காரர்களிடம் எடுபடாது. பால்மரத்தையே சாய்க்கும் வெள்ளை வேர் நோயைப் பார்த்தவர்கள் அவர்கள். வெறுமனே ‘நல்ல வேர்’ என்றே சொல்லலாம்.

அப்புறம், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் தொங்கும் வேருக்கும் ஒரு பெயர் வேண்டும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பம்பு இல்லாமல் வளர்க்கும் முறையை இந்த வேரை நம்பித்தான் அமைத்தார். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். காலியாகும் இடத்து ஈரக்காற்றில் வேர் கிளைத்து அங்கிருந்தே ஆக்சிஜன் எடுக்கும். பழைய மட்டத்துக்குத் திரும்ப நிரப்பினால் அந்த வேர் மூழ்கித் திணறும். தம்பி ஒருவர் இதற்குச் ‘சுவாசவேர்’ என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் ஏற்கெனவே அலையாத்திக்குப் போய்விட்டது. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் அப்பி-அப்பி மரத்தடியில் சேற்றைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் பாடநூலின் சுவாசவேர். மண்ணில்லாமல் வளர்க்கும் இந்த முறைக்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயர் பிறந்த கதையும் இப்படித்தான். கலிபோர்னியாவில் கெரிக் என்ற ஆய்வாளர் முதலில் வேறொரு பெயரை எண்ணினார். அது நீர்வாழ் உயிரினங்களுக்கு உரியதாகிவிட்டிருந்ததால் விட்டுவிட்டு, 1937இல் இந்தப் பெயரை அச்சில் வைத்தார். ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்ட சொல்லை விட்டு விலகுவதே நல்லது.

வேருக்குப் பெயர் தேடுவதைவிட, அந்த இடத்துக்கே பெயர் வைப்போம்: ‘மூச்சிடம்’. தண்ணீர் ஊற்றுகிறவரின் கண் வேரைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “மூச்சிடத்தை நிரப்பாதீர்கள்.” “சாயங்கால மழை பெட்டிக்குள் இறங்கினால் மூச்சிடம் மூழ்கும். மட்டத்துக்கு நேராகப் பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டு வையுங்கள்.” “மூச்சிடம் காயக் கூடாது, மூடியைத் திறந்தே வைக்காதீர்கள்.” மூன்றிலும் உறுத்தாமல் உட்காருகிறது. வேரைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘மூச்சிட வேர்’ என்றால் போதும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வேரைச் சுற்றிப் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை இங்கே எல்லோரும் பாசி என்கிறார்கள். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், இது இருட்டுப் பெட்டியிலும் வருகிறது. மீன் கழுவும்போது சொல்லும் ‘வழும்பு’ இதற்குப் பொருந்துமா என்று யோசிக்கிறேன். பேராக், ஜொகூர் பக்கத்து நண்பர்கள் வீட்டில் இந்தச் சொல் இன்னும் புழங்குகிறதா? வேறு சொல் இருந்தாலும் எழுதுங்கள்.