புதிய கொரோனா திரிபின் (உருமாறிய வகையின்) வேகம்: இரட்டிக்க மொத்த எண்ணிக்கையில் 11 நாள், தனியாகப் போட்டால் 4 நாள். எதை எடுப்பது?

கொட்டகலை டீச்சர்:
வணக்கம். உயர்தரக் கணிதப் பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டம் குடுத்திருக்கேன். எண்கள் பயிற்சிக்காக நானே போட்டவை. ஒரு தோட்டப் பகுதியில் நாலு வாரத் தொற்றாளர் 40, 62, 98, 151. அதில் புதிய திரிபு 2, 7, 25, 72. மொத்தத்தின் இயற்கை மடக்கையை எக்செலில் போட்டு நேர்கோடு இழுத்தால் படித்திறன் (கோட்டின் சரிவு) நாளுக்கு 0.063, இரட்டிக்க 11 நாள். புதிய திரிபை மட்டும் எடுத்தால் 4 நாள். "டீச்சர், மூன்றாம் வாரத்தில் பரிசோதனையைக் கூட்டியிருந்தால் ரெண்டுமே பிழைதானே?" என்று ஒரு பிள்ளை கேட்டுட்டா. என்ன சொல்றது?

பேராதெனிய வாசி:
அந்தப் பிள்ளைக்கு முழு மார்க் போடுங்க டீச்சர். மொத்தத்தில் ரெண்டு கதை கலந்து கிடக்கு. பழையது 38, 55, 73, 79. கடைசி வாரம் கிட்டத்தட்ட நின்னுடுச்சு. புதியது ஏறிக்கிட்டே இருக்கு. அதனால 11 நாள் என்பது ரெண்டில் எதனுடைய வேகமும் இல்லை. 4 நாளும் பரிசோதனை கூடினால் ஆடும்.

விகிதத்தை எடுங்க. புதியதைப் பழையதால் வகுத்தால் 0.053, 0.127, 0.342, 0.911. வாரத்துக்கு ஏறக்குறைய 2.6 மடங்கு. இதன் மடக்கை கோட்டில் அழகாக உட்காரும், படித்திறன் நாளுக்கு 0.136. பரிசோதனையைக் கூட்டினாலும் குறைச்சாலும் ரெண்டு திரிபும் ஒரே அளவில் பிடிபடும் வரைக்கும் விகிதம் அசையாது. 2021 ஆகஸ்டில் நாடு முடக்கப்பட்டது போன்ற கட்டத்தில் மொத்த எண்ணிக்கை இறங்கும்போதே புதிய திரிபின் பங்கு ஏறலாம். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாது.

ஒரு குறை: முதல் வாரத்து 2 பேரை நம்பிக் கோடு இழுக்காதீங்க. ஒருத்தர் கூடினாலே புள்ளி எங்கேயோ போயிடும்.

பண்டாரவளை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
கணக்கு சரி தம்பி, களத்தைச் சொல்றேன். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு சாவு வீடு என்றால் அடுத்தடுத்த காம்பிராக்களில் (அறைகளில்) பத்துப் பேருக்கு ஒரே திரிபு வரும். அது திரிபின் வேகமா, சாவு வீட்டின் கூட்டமா? ஒரு டிவிஷனை (தோட்டப் பிரிவை) வைத்து முடிவு கட்டக் கூடாது, பல தோட்டங்களைச் சேர்க்கணும். அப்புறம், முடிவு வந்த திகதியைப் போடாதீங்க. மாதிரி எடுத்த திகதியைப் போடுங்க. ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை இறங்கி, அடுத்த நாள் கூடுவதெல்லாம் ஏழு நாள் கூட்டுத்தொகையில் சமமாயிடும்.

எது எந்தத் திரிபு என்று தெரிய எல்லாத்துக்கும் மரபணு வரிசை பார்க்கணும்னு இல்லை. அல்பாவிலும் ஒமிக்ரோனின் பிஏ.1 கிளையிலும் ஸ்பைக் புரதத்தின் (வைரஸின் மேற்பரப்பு முள்ளின்) 69, 70ஆம் இடங்கள் விடுபட்டிருக்கும். அதனால சில பிசிஆர் கிட்களில் எஸ் ஜீன் (ஸ்பைக்குக்கான மரபணு) மட்டும் விழாது, அதாவது பிடிபடாது. டெல்டாவில் விழும். அந்த ஆதாயம் டெல்டாவுக்கும், அந்த விடுபடல் இல்லாத பிஏ.2 என்ற ஒமிக்ரோன் கிளைக்கும் இடையில் கிடையாது.

கொட்டகலை டீச்சர்:
நன்றி அண்ணே, நன்றி தம்பி. அப்போ 0.136 ஐ வச்சு "இத்தனை மடங்கு தொற்றும்" என்று சொல்லலாமா? பிள்ளைகளுக்கு அதுதான் வேணும்.

பேராதெனிய வாசி:
அதுக்கு இன்னொரு எண் தேவை: ஒருத்தருக்குத் தொற்றி, அவர் அடுத்தவருக்குக் குடுக்க ஆகும் சராசரி நாள். படித்திறனை அதனால் பெருக்கி, இ-யின் (இயற்கை மடக்கையின் அடி, ஏறக்குறைய 2.718) அடுக்காகப் போடணும். 5 நாள் என்றால் 1.97 மடங்கு. 3 நாள் என்றால் 1.5 தான். எண்கள் அதேதான், விடை இவ்வளவு மாறுது. ஆரம்ப வகைக்கு அஞ்சு நாளுக்குக் கிட்ட எடுத்தாங்க, ஒமிக்ரோனுக்கு மூணு நாளுக்குக் கிட்ட. ரெண்டு திரிபுக்கும் ஒரே நாள் என்று எடுத்துக்கொண்டதும் ஒரு அனுமானம்தான், செயற்றிட்டத்தில் அதை எழுதச் சொல்லுங்க.

இன்னொன்று: அந்த மடங்கு முழுக்க வைரஸின் குணம் இல்லை. முன்னம் தொற்றியவரையும் ஊசி போட்டவரையும் புதியது லேசாகத் தொற்றினாலும் இதே படித்திறன்தான் வரும். எண்ணிக்கையை மட்டும் வைத்து ரெண்டையும் பிரிக்க முடியாது.

கொட்டகலை டீச்சர்:
சரி, 3, 4, 5 மூணு நாளுக்கும் தனித்தனியாகப் போட்டு ஒரே வரைபில் காட்டச் சொல்றேன். முதல் வாரத்தைத் தூக்கிட்டும் ஒரு கோடு.